நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் நடுவே ஒரு சுவர்

பெங்களூரில் பணிபுரியும் இளம் அறுவை மருத்துவர்கள் சிலர் சேர்ந்து ஆண்டுமலர் ஒன்று கொண்டுவருகிறார்கள். ஓய்வுபெற்ற எனக்கும் சில பக்கங்கள் ஒதுக்கி, "உங்களால மறக்கவே முடியாத கேஸ் ஒண்ணு எழுதுங்க சார், எங்களுக்கு இன்ஸ்பிரேஷனா இருக்கும்" என்று கேட்டார்கள். மறக்க முடியாத கேஸ் ஒன்று இருக்கிறது. இன்ஸ்பிரேஷனுக்கு நான் பொறுப்பல்ல. அதில் ஒரு மனிதர் என்னால் சாகப் பார்த்தார். என் பிழை ஓர் இளம் மருத்துவரின் பெயரில் எழுதப்பட்டது. அதே கேஸுக்காக எனக்குப் பொன்னாடையும் போர்த்தினார்கள். மூன்றையும் நடந்த வரிசையிலேயே சொல்லிவிடுகிறேன்.

முதலில் நான் எப்படிப்பட்ட ஆள் என்று உங்களுக்குத் தெரிய வேண்டும். எங்கள் மருத்துவமனை ஓசூர் சாலையில், எலெக்ட்ரானிக் சிட்டிக்குச் சற்று முன்னால் இருந்தது. அங்கே எனக்கு ஒரு பெயர் உண்டு: மூன்று விநாடி சார். எந்த எக்ஸ்ரே படத்தையும் மூன்று விநாடிக்கு மேல் நான் பார்ப்பதில்லை என்பது அதன் பொருள். பட்டத்தை யார் கொடுத்தார்கள் என்று நினைவில்லை, பரப்பியது நான்தான். படங்கள் கணினித் திரைக்கு வந்துவிட்ட பிறகும் நான் திரை முன்னால் உட்கார்ந்ததில்லை. நடந்துகொண்டே பார்ப்பேன், நடந்துகொண்டே சொல்வேன். பின்னால் வரும் பத்துப் பேரும் நடந்துகொண்டே எழுதிக்கொள்வார்கள். பெரும்பாலும் நான் சொன்னது சரியாகவே இருக்கும். பெரும்பாலான நோய்கள் சாதாரணமானவை என்பதே அதற்குக் காரணம். அதை நான் என் திறமை என்று நம்பியிருந்தேன்.

வார்டு சுற்றுக்கென்று எங்களிடம் ஓர் ஒழுங்கு இருந்தது. முதலில் நான், எனக்கு அரையடி பின்னால் துணை மருத்துவர், பிறகு ரெஜிஸ்ட்ரார் எனப்படும் இளநிலை மருத்துவர்கள், பயிற்சி மருத்துவர்கள், செவிலியர்கள் என்று கோயில் புறப்பாடு மாதிரி போவோம். நான் பேசும்வரை யாரும் பேசக்கூடாது. நான் பேசிய பிறகு பேசுவதற்கு ஒன்றும் இருக்காது. இதை எவரும் எழுதி ஒட்டவில்லை. ஆனாலும் புதிதாகச் சேர்ந்தவர்கள் இரண்டே நாளில் கற்றுக்கொண்டார்கள். கற்றுக்கொள்ளாதவர் ஒருவர் வந்தார்.

அவர் கோலார் தங்கவயலிலிருந்து வந்த பெண் மருத்துவர். சுரங்கக் குடும்பம். அறுவைப் பட்டப்படிப்பு முடித்துவிட்டு எங்களிடம் இரண்டு ஆண்டு உயர் பயிற்சிக்குச் சேர்ந்திருந்தார். அவர் பெயரை எழுத எனக்கு உரிமை இல்லை. வார்டில் எல்லோரும் தங்கவயல் டாக்டர் என்றுதான் சொல்வார்கள். அவரிடம் ஒரு கெட்ட பழக்கம்: நோயாளிகள் பேசி முடிக்கும்வரை நின்றுகொண்டிருப்பார். ஊர்வலம் ஐந்தாம் படுக்கைக்குப் போனால் அவர் மூன்றாம் படுக்கையிலேயே நிற்பார். "டாக்டர், நமக்கு இன்னைக்கே ரவுண்ட்ஸ் முடியணும்" என்று நான் ஒருமுறை திரும்பிப் பார்த்துச் சொன்னேன். எல்லோரும் சிரித்தார்கள். எல்லோரும் சிரிப்பதும் ஒழுங்கில் சேர்ந்தது.

அந்த ஆண்டுதான் எங்கள் மருத்துவமனை காகிதத்தை ஒழித்தது. நோயாளி சொல்வதை இனி யாரும் வாக்கியமாக எழுத வேண்டியதில்லை. திரையில் கட்டங்கள் வரும். மூச்சுத்திணறல் உண்டா இல்லையா, அஜீரணம் உண்டா இல்லையா என்று தொட்டுக்கொண்டே போனால் போதும். நேரம் மிச்சமாகும் என்றார்கள். மிச்சமான நேரத்தில் என்ன செய்தோம் என்று கேட்காதீர்கள், இன்னும் கட்டங்களைத் தொட்டோம்.

தயாளன் வந்தது அந்தப் புதிதில்தான். முப்பத்தெட்டு வயது, சொந்த ஊர் திருப்பத்தூர்ப் பக்கம், ஐ.டி. கம்பெனி ஆட்களை ஏற்றி இறக்கும் வண்டியின் ஓட்டுநர். மனைவி கலைச்செல்வி, பொம்மனஹள்ளியில் ஒரு கார்மெண்ட்ஸில் தையல் வேலை. ஆறு ஆண்டுகளுக்கு முன் கிருஷ்ணகிரி சாலையில் முன்னால் போன லாரியில் அவர் வண்டி மோதி, ஸ்டியரிங் இடது விலாவில் இடித்திருக்கிறது. மூன்று எலும்பு விரிசல், ஆறு வாரம் ஓய்வு, பிறகு மறுபடி வண்டி. அதன் பிறகுதான் தொல்லை ஆரம்பித்தது. வயிறு நிறையச் சாப்பிட்டால் மூச்சு முட்டும். இடது தோள் வலிக்கும். எழுந்து நடந்தால் கொஞ்சம் குறையும்.

இதைக் கலைச்செல்வி எத்தனை மருத்துவர்களிடம் சொல்லியிருப்பார் என்று எனக்குத் தெரியாது. நுரையீரல் மருத்துவர் மூச்சை மட்டும் கேட்டுவிட்டு இழுக்கும் மருந்து கொடுத்தார். வயிற்று மருத்துவர் சாப்பாட்டை மட்டும் கேட்டுவிட்டு வாயு மாத்திரை கொடுத்தார். மூன்றாமவர் இரண்டையும் கேட்டுவிட்டு, இரண்டும் சேர்ந்து வரச் சாத்தியமில்லை, ஆகவே இது மனக்கவலை, யோகா செய்யுங்கள் என்றார். தயாளன் யோகாவும் செய்திருக்கிறார். குனியும்போது மூச்சு இன்னும் முட்டியதால் விட்டுவிட்டார். கடைசியில் அவரே ஒரு வைத்தியம் கண்டுபிடித்துக்கொண்டார்: வண்டி ஓட்டும் நாளில் சாப்பிடுவதில்லை.

அன்று காலை டிரிப் ரத்தாகிவிட்டது. அந்தத் தைரியத்தில் தர்ஷினி ஓட்டலில் நின்றபடி இரண்டு பிளேட் சித்ரான்னம், அதாவது எலுமிச்சைச் சாதம், சாப்பிட்டிருக்கிறார். ஒரு மணி நேரத்தில் பேச முடியாத மூச்சுத்திணறலோடு எங்கள் அவசரப் பிரிவுக்கு வந்து சேர்ந்தார். அங்கே கட்டங்களைத் தொட்டார்கள். மூச்சுத்திணறல், உண்டு. அஜீரணம், உண்டு. பழைய விபத்து என்ற கட்டத்தில் ஓராண்டுக்குள் என்று போட்டிருந்ததால், இல்லை. கலைச்செல்வி சொன்னது ஒரே வாக்கியம். அது நடுவில் அறுபட்டு, ஒரு பாதி ஒரு கட்டத்திலும் மறுபாதி வேறொரு பக்கத்திலும் போய் உட்கார்ந்தது. இரண்டையும் சேர்த்துப் பார்க்கும் கட்டம் எதையும் யாரும் வடிவமைத்திருக்கவில்லை.

என் ஊர்வலம் அந்த வழியாக வந்தபோது படம் திரையில் இருந்தது. இடது நெஞ்சின் கீழ்ப்பாதி முழுக்க வெளுப்பு. அதன்மேல் கோடு கிழித்ததுபோல ஒரு மட்டம். மட்டத்துக்கு மேல் காற்று. இதயம் வலப்பக்கமாக ஒதுங்கியிருந்தது. நுரையீரலைச் சுற்றி நீரும் காற்றும் சேர்ந்துகொண்டால் படம் இப்படித்தான் இருக்கும். மூன்று விநாடி.

"நெஞ்சுல தண்ணியும் காத்தும் கோத்திருக்கு. டியூப் போட்டு எடுத்துடுங்க" என்றேன். விலா எலும்புகளுக்கு நடுவே துளையிட்டு ஒரு குழாயைச் செருகி, நீரை வெளியே உள்ள பாட்டிலில் வடியவிடும் வேலை அது. நான் நகர ஆரம்பித்துவிட்டேன்.

கலைச்செல்வி என் கையைப் பிடிக்கவில்லை, ஆனால் வழியில் நின்றார்.

"சார், அவரு சாப்ட்டா தான் சார் மூச்சு வாங்குது. பட்டினி கெடந்தா நல்லாத்தான் கீறாரு. நெஞ்சுக்குள்ள கொடகொடன்னு சத்தம் வேற. பக்கத்துல படுத்தா எனக்கே கேக்குது."

பின்னால் பத்துப் பேர் நின்றிருந்தார்கள். எனக்கு ஒரு பாடம் நடத்தலாம் என்று தோன்றியது. பொறுமையாகத்தான் சொன்னேன், அதுதான் இன்னும் மோசம்.

"அம்மா, மூச்சு வேற, சாப்பாடு வேற. நெஞ்சுக்கும் வயித்துக்கும் நடுவுல ஒரு சுவர் இருக்கு. அது தசையால ஆன திரை. அதைத் தாண்டி எதுவும் மேல வராது. புரிஞ்சுதா?"

அவர் புரிந்தது என்று தலையாட்டினார். பயந்தவர்கள் அப்படித்தான் ஆட்டுவார்கள். அந்தச் சுவர் ஆறு ஆண்டுகளாக ஓட்டையாக இருந்தது. அதைத்தான் அந்தப் பெண் அவருக்குத் தெரிந்த சொற்களில் எனக்குச் சொல்லிக்கொண்டிருந்தார். நான் அவருக்குச் சுவரைப் பற்றி வகுப்பெடுத்தேன்.

அப்போது வரிசையின் கடைசியிலிருந்து தங்கவயல் டாக்டர் பேசினார். "சார், டியூப் போடறதுக்கு முன்னாடி மூக்கு வழியா ஒரு குழாய் வயித்துக்கு விட்டு, இன்னொரு படம் எடுத்துப் பாக்கலாமா? பழைய அடி இருக்குன்னு சொல்றாங்க. வயிறு மேல ஏறியிருக்குமோன்னு தோணுது." வயிற்றுக்குள் விட்ட குழாய் படத்தில் நெஞ்சுக்குள் சுருண்டு கிடந்தால் விஷயம் வெளிப்பட்டுவிடும் என்பது அவர் கணக்கு. வயிற்றில் அடைபட்ட காற்றும் இறங்கி, மூச்சும் சற்றுத் தணிந்திருக்கும். மிக எளிய யோசனை.

"அது உங்க புத்தகத்துல கடைசிப் பக்கத்துலதானே இருக்கும், டாக்டர்?" என்று கேட்டேன். "நாம முதல் பக்கத்துலேர்ந்து ஆரம்பிப்போம். டியூப் போடுங்க. நீங்களே போடுங்க, கை பழகட்டும்."

எல்லோரும் சிரித்தார்கள்.

இந்த இடத்தில் உங்களை நிறுத்தி ஒன்று சொல்ல வேண்டும். நெருக்கடியில் எடுத்த முடிவு என்று இதைப் பிற்பாடு நான் பலரிடம் சொல்லியிருக்கிறேன். அது பொய். ஆக்ஸிஜன் வைத்ததும் தயாளன் உட்கார்ந்த நிலையில் ஓரளவு தாக்குப்பிடித்துக்கொண்டிருந்தார். மூக்குக் குழாய்க்கும் இன்னொரு படத்துக்கும் பத்து நிமிடம் ஆகியிருக்கும். அந்தப் பத்து நிமிடம் எங்களிடம் இருந்தது. நோய் என்னை அவசரப்படுத்தவில்லை. பின்னால் நின்ற பத்துப் பேர்தான் அவசரப்படுத்தினார்கள், அவர்களும் வாயைத் திறக்காமல். சொன்ன சொல்லை அவர்கள் முன்னால் மாற்றிக்கொள்வது என்னால் முடியாத காரியமாக இருந்தது. நெருக்கடி என்று நாம் சொல்வதில் எவ்வளவு நோயாளியுடையது, எவ்வளவு நம்முடையது என்று பிரித்துப் பாருங்கள். எனக்கு அந்தப் பழக்கம் இல்லை.

தங்கவயல் டாக்டர் டியூப் போட்டார். கைநடுக்கம் இல்லாமல், சரியான இடத்தில், விதிமுறைப்படி. பாட்டிலில் தண்ணீர் வரவில்லை. முதலில் ஒரு புளித்த வாடை வந்தது. பிறகு மஞ்சளாகக் குழம்பிய ஏதோ ஒன்று, அதில் கடுகு, அதன் பின்னால் ஒரு பாதி வேர்க்கடலை.

நான் இரண்டு படுக்கை தள்ளி நின்றிருந்தேன். அங்கே இருந்த மருத்துவர்கள், செவிலியர்கள் எல்லோரும் பாட்டிலையே பார்த்தார்கள். என்னென்ன சிக்கலான விளக்கங்கள் உண்டு என்று எல்லோரும் யோசித்துக்கொண்டிருந்தோம் என்று நினைக்கிறேன். திரைச்சீலைக்கு வெளியே நின்றிருந்த கலைச்செல்வி எட்டிப் பார்த்தார்.

"அது சித்ரான்னம் சார்" என்றார். "காலைல சாப்ட்டது."

இப்படியாக, அதே நோயை அவர் இரண்டாவது முறையும் கண்டுபிடித்தார்.

அறுவையின் விவரங்கள் உங்களுக்குத் தெரியும், அதை எழுதிப் பக்கத்தை நிரப்பப் போவதில்லை. இரைப்பை கிட்டத்தட்ட முழுவதும் நெஞ்சுக்குள் இருந்தது. அதில் நாங்கள் போட்ட ஓட்டை. நுரையீரலைச் சுற்றிச் சோறு. அந்தத் தசைச் சுவரில் இருந்த பழைய கிழிசல் என் உள்ளங்கை நுழையும் அகலம். நுழைத்துப் பார்த்தேன், நுழைந்தது. எல்லாவற்றையும் கீழே இறக்கி, கழுவி, தைத்தோம். தைத்தவர்களில் தங்கவயல் டாக்டரும் இருந்தார்.

வெளியே வந்து கலைச்செல்வியிடம் நான் சொன்னது இது: "ரொம்ப அரிதான நோய்ம்மா. லட்சத்துல ஒருத்தருக்குத்தான் வரும். நல்ல வேளை, கண்டுபிடிச்சுட்டோம்." அந்த லட்சத்தை எங்கிருந்து எடுத்தேன் என்று இன்றுவரை தெரியாது. அரிது என்ற சொல்லில் ஒரு வசதி இருக்கிறது. நாம் தேடாத எல்லாவற்றையும் அதற்குள் போட்டுக்கொள்ளலாம். அவர் கைகூப்பினார்.

நெஞ்சுக்குள் சோறு போனால் என்ன ஆகும் என்று நீங்கள் ஊகிக்கலாம். சீழ் பிடித்தது. தயாளன் ஒன்றரை மாதத்துக்கு மேல் எங்களிடம் கிடந்தார். இரண்டு முறை, ஊரிலிருந்து உறவினர்களை வரச் சொல்லுங்கள் என்று சொல்லும் நிலைக்குப் போனார். இரண்டு முறையும் திரும்பினார். அதில் என் பங்கு குறைவு. கொஞ்சம் தெளிந்த ஒருநாள் அவர் என்னிடம் கேட்டார்: "அத்திபெலே செக்போஸ்ட் மாதிரி சார் நம்ம ஒடம்பு. மேல இருக்கற டாக்டரு கீழ போங்கறாரு, கீழ இருக்கறவரு மேல போங்கறாரு. பார்டர்ல நிக்கிறவனை யாரு சார் பாப்பாங்க?" நான் சிரித்தேன். நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் நடுவிலான உதரவிதானம் எந்தத் துறைக்குச் சொந்தம் என்ற கேள்வியை அதைவிடத் தெளிவாக நான் எங்கும் கேட்டதில்லை.

அவர் படுக்கையில் இருக்கும்போதே ஆய்வுக் கூட்டம் நடந்தது. சிகிச்சையில் பாதிப்பு ஏதும் நேர்ந்தால் அதை யார்மீதும் வன்மமின்றி, உண்மையை மட்டும் தேடி ஆராய்வதற்கென்று மாதம் ஒருமுறை கூடும் குழு. தலைவர் நான்.

என் தலைமையில் நாங்கள் உண்மையைத் தேடினோம். குழாய் செருகும்போது இரைப்பையில் காயம் ஏற்பட்டது என்று பதிவானது. யார் செருகியது என்று ஒரு கட்டம் இருந்தது. அதில் தங்கவயல் டாக்டரின் பெயர். யார் சொல்லிச் செருகியது என்று கட்டம் இல்லை. அவர் எதிர் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். "நீங்க ஏதாவது சொல்லணுமா?" என்று கேட்டேன். என்னையே ஒரு நிமிடம் பார்த்தார். நான் சொல்வேன் என்று எதிர்பார்த்தார் என்பது அந்த அறையில் எனக்கு மட்டும் தெரியும். "இல்லை சார்" என்றார்.

பரிந்துரை: அம்மருத்துவருக்கு நெஞ்சுக் குழாய் பொருத்துவதில் கூடுதல் பயிற்சி தேவை. பயிற்சிக்கு ஒருநாள் பட்டறை ஏற்பாடானது. ஆட்டு விலா எலும்பில் குழாய் செருகுவது எப்படி என்று சொல்லித்தந்தோம். பயிற்றுநர் நான். அவர் மற்ற எல்லோரையும்விட நன்றாகச் செருகினார். சான்றிதழில் கையெழுத்திட்டு நானே அவர் கையில் கொடுத்தேன். அதைக் கோப்பில் சேர்த்தார்கள். ஆண்டு முடிவில் அவருடைய பயிற்சியை இரண்டாம் ஆண்டுக்கு நீட்டிக்க வேண்டாம் என்று நிர்வாகம் முடிவெடுத்தபோது அதே சான்றிதழைத்தான் காரணமாகக் காட்டினார்கள். பெட்டியைக் கட்டிக்கொண்டு தங்கவயலுக்குப் போய்விட்டார். போகும் முன் என்னிடம் சொல்லிக்கொள்ள வந்தார். நான் அறுவை அரங்கில் இருப்பதாகச் சொல்லச் சொன்னேன்.

இப்போது பொன்னாடை.

தயாளன் வீடு திரும்பிய சில மாதங்களில் நகரத்து அறுவை மருத்துவர்களின் கூட்டம் ஒன்று வந்தது. அரிய நோய்கள் அமர்வில் பேச அழைத்தார்கள். மறுத்திருக்கலாம். ஆனால் என்னிடம் அந்தப் படம் இருந்தது, அதைவிட அருமையான படம் அந்தக் கூட்டத்தில் யாரிடமும் இருக்காது. அதைத் திரையில் போட்டு, "என்ன நோய்?" என்று அவையைக் கேட்டேன். நீர் என்றார்கள், காற்று என்றார்கள். ஒருவர் மூன்றே விநாடியில் இரண்டும் என்றார். புன்னகையோடு காத்திருந்துவிட்டு, நெஞ்சுக்குள் இரைப்பை தெரியும் அடுத்த படத்தைப் போட்டேன். அவையில் ஒரு முணுமுணுப்பு எழுந்தது. எங்கள் தொழிலில் அதைவிட இனிய ஓசை கிடையாது.

குழாயைப் பற்றி ஒரு வரி வந்தது, எழுத்து சற்றுச் சிறியது.

நோயாளியையே மேடைக்கு அழைத்து வந்திருந்தேன். தயாளன் புதுச் சட்டை போட்டுக்கொண்டு வந்து, ஒலிவாங்கியைப் பிடித்து, "சார் மட்டும் கண்டுபிடிக்கலன்னா நான் இல்ல" என்றார். கைதட்டல். அப்போது கேள்வி நேரத்தில் மூத்தவர் ஒருவர் எழுந்து, நோயாளியோ குடும்பத்தினரோ முன்கூட்டியே ஏதாவது அறிகுறி சொன்னார்களா என்று ஆங்கிலத்தில் கேட்டார். நல்ல கேள்வி. அந்த அறையில் அன்று கேட்கப்பட்ட ஒரே நல்ல கேள்வி.

குறிப்பிடும்படி எதுவும் இல்லை என்று ஆங்கிலத்தில் சொன்னேன்.

கலைச்செல்வி மூன்றாம் வரிசையில் உட்கார்ந்திருந்தார். அவருக்கு ஆங்கிலம் தெரியாது. நான் பேசுகிறேன் என்பதால் என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார். பிறகு பொன்னாடை போர்த்தினார்கள்.

மூன்று ஆண்டுகள் போயின. தயாளன் ஆறு மாதத்துக்கு ஒருமுறை பரிசோதனைக்கு வருவார். நெடுந்தூரம் ஓட்ட முடியவில்லை என்று கம்பெனியிலேயே வண்டிகளை அனுப்பும் மேசை வேலைக்கு மாறியிருந்தார். மற்றபடி நன்றாக இருந்தார், நன்றாகச் சாப்பிட்டார். நான் ஓய்வுபெறப் போகும் மாதம் இருவரும் சேர்ந்து வந்தார்கள். இனி யாரைப் பார்ப்பது என்று கேட்டார்கள். பேச்சோடு பேச்சாகக் கலைச்செல்வி, "டியூப் போட்ட மேடம் இப்ப எங்க சார் இருக்காங்க?" என்றார்.

ஏன் என்று கேட்டேன்.

தயாளன் ஐ.சி.யூ.வில் இருந்த மூன்றாம் நாளே அந்த மேடம் வந்து தன் பக்கத்தில் தரையில் உட்கார்ந்ததாகச் சொன்னார். டியூப் போட்டது என் கை, அது போட்டிருக்கக் கூடாது, வயிற்றில் ஓட்டை விழுந்தது அதனால்தான் என்று நேராகச் சொல்லி மன்னிப்புக் கேட்டாராம். யார் போடச் சொன்னது என்று சொல்லவில்லை. அந்த ஒன்றரை மாதமும் தினம் வேலை முடிந்து வந்து அரைமணி நேரம் உட்கார்ந்துவிட்டுப் போனாராம். "எனக்கு அன்னைக்குக் கோவம்தான் சார். அப்பறம் தினம் வந்தாங்க, போயிடுச்சு" என்றார்.

பொய் சொல்வதற்கு எனக்கு அப்போதும் எல்லா வசதியும் இருந்தது. ஆமாம், நல்ல பெண், எங்கேயோ நன்றாக இருப்பார் என்று சொல்லி முடித்திருக்கலாம். ஏன் முடிக்கவில்லை என்று தெரியவில்லை. துணிச்சல் என்று நினைத்துவிடாதீர்கள்; ஓய்வுபெற இன்னும் இருபது நாள்தான் இருந்தது. போடச் சொன்னது நான், அந்த மருத்துவர் வேண்டாம் என்றார், நான் சிரித்தேன் என்று சொன்னேன்.

தயாளன் சங்கடப்பட்டார். "விடுங்க சார், உயிரோடதானே கீறேன்" என்றார். கலைச்செல்வி விடவில்லை.

"அப்ப நான் சொன்னது உங்க காதுல விழுந்துச்சா சார், விழலையா?"

"விழுந்துச்சும்மா."

"அப்பறம்?"

காதில் விழவில்லை என்று சொல்லியிருந்தால் அவர் மன்னித்திருப்பார் என்று நினைக்கிறேன். வெளியே அடுத்த நோயாளியை அழைக்கும் மணி அடித்தது. அவர் பையை எடுத்துக்கொண்டு எழுந்தார். "மேடம்கிட்ட சொல்லிடுங்க சார்" என்றார். இந்த முறை கைகூப்பவில்லை.

தங்கவயல் டாக்டரின் எண்ணைத் தேடிப் பிடிக்க இரண்டு நாள் ஆயிற்று. பேச ஆறு நாள் ஆயிற்று. தங்கவயலிலேயே ஒரு சிறிய மருத்துவமனையில் இருந்தார். என் பெயரைச் சொன்னேன். "ஓ.பி.யில இருக்கேன் சார், முடிச்சுட்டுக் கூப்பிடறேன்" என்றார். நான்கு மணி நேரம் கழித்துக் கூப்பிட்டார். முப்பது ஆண்டுகளில் யாரும் என்னை அவ்வளவு நேரம் காக்கவைத்ததில்லை. நான் பலரைக் காக்கவைத்திருக்கிறேன்.

எழுதி வைத்திருந்ததைப் படிப்பதுபோல எல்லாவற்றையும் சொன்னேன். சுற்று, சிரிப்பு, கூட்டம், சான்றிதழ், அவர் சொல்லிக்கொள்ள வந்த நாளில் நான் அறுவை அரங்கில் இல்லை என்பது, மேடை, கலைச்செல்வியின் கேள்வி. நடுவில் ஒருமுறைகூட அவர் குறுக்கிடவில்லை. தொடர்பு போய்விட்டதோ என்றுகூடப் பார்த்தேன்.

"முடிச்சிட்டீங்களா சார்?"

முடித்துவிட்டேன் என்றேன். பரவாயில்லை என்று சொல்வார், அல்லது அழுவார், அல்லது திட்டுவார் என்று மூன்றுக்கும் என்னைத் தயார்செய்து வைத்திருந்தேன்.

"இது எனக்கு எழுத்துல வேணும் சார். ஆஸ்பத்திரிக்கு ஒண்ணு, எனக்கு ஒண்ணு. தபால்ல வேணாம், கூரியர்ல அனுப்புங்க."

அனுப்புகிறேன் என்றேன். அவர் தொலைபேசியை வைத்துவிடுவார் என்று நினைத்தேன்.

"ஒண்ணு சார். தப்பு முழுக்க உங்களோடதுன்னு எழுதிடாதீங்க. வேணாம்னு தெரிஞ்சும் நான் போட்டேன். நீங்க சிரிச்சீங்கன்னு போட்டேன். அது என்னோடது, அதை எடுத்துக்காதீங்க."

கடிதத்தை எழுத நான்கு நாள் பிடித்தது. ஒரு பக்கம்தான். எழுதிய முதல் வடிவத்தில் முழுப் பழியையும் என்மேலேயே போட்டுக்கொண்டிருந்தேன். அவர் கேட்டுக்கொண்ட பிறகும் அப்படித்தான் வந்தது. பழியிலும் பெரிய பங்கு எனக்கே வேண்டும் என்று ஆசைப்பட்டிருக்கிறேன் போலும். பிரதியை அவருக்கு அனுப்பினேன். ஒரு பத்தியை அடித்து, அங்கே தன் கையெழுத்தில் இரண்டு வரி எழுதி, என் பெயருக்குக் கீழே தன் பெயரையும் போட்டுத் திருப்பி அனுப்பினார். நான் ஓய்வுபெறுவதற்கு முந்தைய நாள், இரண்டு கையெழுத்துகளோடு, அதை மருத்துவமனை அலுவலகத்தில் நானே கொண்டுபோய்க் கொடுத்தேன். மேசைப் பெண் அதைப் புரட்டிப் பார்த்துவிட்டு, இது எந்தக் கட்டத்தில் வரும் என்று கேட்டார். எதிலும் வராது, முழுதாகவே வைத்துக்கொள்ளுங்கள் என்றேன்.